சிறை உடைத்த கதையில் சொற்பாடம்



இலக்கண வகுப்பு என்றதும் நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு பெயர்களை மனப்பாடம் செய்வோம். தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுவோம். அருஞ்சொற்பொருள் என்று குறிப்பேட்டில் இரண்டு வரிசையாக எழுதிக்கொண்டு, விடுதித் தாழ்வாரத்தில் முன்னும் பின்னும் நடந்து உருப்போடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். எட்டாம் வகுப்பில் நான் கேட்ட ஒரு சிறைக் கதை அந்த வழக்கத்தை மாற்றியது. அந்தக் கதையையும், அதன் வழியே நான் கற்ற சொற்களையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இது தேர்வுக்கும் பயன்படும். தேர்வு இல்லாத நாளுக்கும் பயன்படும்.

பேசாத பெண்

நான் ஜவ்வாது மலையில் பிறந்தவள். ஜமுனாமரத்தூரில் பேருந்தை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் வெகுதூரம் நடந்தால்தான் எங்கள் ஊர் வரும். சாமை விதைப்போம், தேன் எடுப்போம், புளியும் கடுக்காயும் பொறுக்கிச் சந்தைக்குக் கொண்டுபோவோம். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பை எட்டிப்பார்த்த முதல் ஆள் நான்தான்.

விடுதியில் சேர்ந்த புதிதில் நான் வாய் திறந்தாலே சில பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் மலைப்பேச்சு அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆகையால் நான் பேசுவதையே நிறுத்திவிட்டேன். ஒரே மாதத்தில் எனக்கு 'ஊமை' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் இன்று என் உயிர்த்தோழிகள். எனினும் அன்று அது முள்ளாகக் குத்தியது. என்னோடு சேர்ந்த என் மாமன் மகள் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை. எனக்கும் அதே எண்ணம் வந்தது.

ஒரு நாள் மாலைச் செபம் முடிந்ததும், இரண்டு பாவாடைகளையும் ஒரு போர்வையையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வாயிற்கதவு வரை போய்விட்டேன். அங்கே எங்கள் தமிழாசிரியை சிஸ்டர் நின்றிருந்தார்கள். என் உடம்பு நடுங்கியது.

"எங்கே அம்மா புறப்பட்டாய்?" என்றார்கள்.

நான் பேசவில்லை.

"இது சிறை மாதிரி இருக்கிறதா?" என்றார்கள்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியானால் சிறையிலிருந்து தப்பிய ஒருவரின் கதையை உனக்குச் சொல்கிறேன். அவருக்கும் ஊமை என்றுதான் பெயர். தினமும் இரவுப் படிப்பு முடிந்ததும் கொஞ்சம் சொல்வேன். ஒவ்வொரு நாளும் கதையில் வரும் சொல் ஒன்றை நீ உடைத்துக் காட்ட வேண்டும். கதை முடிந்த பிறகும் போகவேண்டும் என்று உனக்குத் தோன்றினால், உன் அப்பாவுக்கு நானே சொல்லி அனுப்புகிறேன். சம்மதமா?" என்றார்கள். மூட்டையோடு திரும்பி வந்தேன்.

முதல் நாள்: சிறை

வீரபாண்டிய கட்டபொம்மனைப் பாடநூலில் படித்திருக்கிறோம். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரான அவரை 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் ஆங்கிலேயர் தூக்கிலிட்டனர். அவருடைய கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினர். அவர் தம்பி குமாரசாமியைப் பிடித்துப் பாளையங்கோட்டையில் சிறை வைத்தனர். இந்தக் குமாரசாமியைத்தான் நாடு ஊமைத்துரை என்று அழைக்கிறது.

"சிறை என்றால் என்ன?" என்று சிஸ்டர் கேட்டார்கள். "ஜெயில்" என்றேன், மெல்ல. அவர்கள் நூலகத்துக்கு அழைத்துப்போய்ச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனைத் திறந்து காட்டினார்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த பெரிய அகராதி அது. அதைப் பார்த்த பிறகுதான் ஒரு சொல்லுக்குள் இத்தனை அறைகள் இருப்பதை அறிந்தேன்.

சிறை என்றால் காவல். திருக்குறளில் வாழ்க்கைத் துணைநலம் என்ற ஆறாம் அதிகாரத்தில் இச்சொல் காவல் என்ற பொருளில் வருகிறது. சிறை என்றால் நீரைத் தடுக்கும் அணை என்றும் பொருள் உண்டு. மூன்றாவது பொருளைப் படித்ததும் எனக்கு வியப்பாக இருந்தது. சிறை என்றால் சிறகு! குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் இறையனார் வண்டின் சிறகைச் சிறை என்றே சொல்கிறார். அடைத்து வைக்கும் இடத்துக்கும் பறக்க உதவும் உறுப்புக்கும் தமிழில் ஒரே சொல்!

"எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, சிஸ்டர்?" என்று கேட்டேன். நானாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. "பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்" என்றார்கள். பாடம் ஒன்று: சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதே; அதன் அக்கம்பக்கத்தோடு சேர்த்துப் படி.

இரண்டாம் நாள்: பாளையங்கோட்டை

பாளையம் என்றால் படை தங்கும் இடம். அதிலிருந்து பிறந்த இரண்டு சொற்களைச் சிஸ்டர் எழுதிக் காட்டினார்கள்.

பாளையம் + கோட்டை = பாளையங்கோட்டை
பாளையம் + காரர் = பாளையக்காரர்

இரண்டிலும் முன்னால் நிற்பது ஒரே சொல். பின்னால் வருவதும் ககர வரிசைதான். ஆனால் முதலாவதில் மகர மெய் 'ங்' ஆகத் திரிந்தது. இரண்டாவதில் மகர மெய் கெட்டு, 'க்' மிகுந்தது. இவ்விரண்டையும் பவணந்தி முனிவரின் நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. மகர ஈறு வல்லினத்துக்கு முன்னால் கெடவும் செய்யும். இனமான மெல்லெழுத்தாகத் திரியவும் செய்யும். விதியை முதலில் படித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்காது. கோட்டையும் அதைக் காத்த மனிதரும் கண்முன் வந்த பிறகு விதி தானாக மனத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஓர் எச்சரிக்கையும் சொன்னார்கள். கட்டு என்ற பகுதியிலிருந்து கட்டடம், கட்டளை, கட்டுப்பாடு, கட்டுரை எல்லாம் வரும். உடனே கட்டபொம்மன் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததாக நினைத்துவிடக் கூடாது. தெலுங்கில் கெட்டிபொம்மு என்று வழங்கியதே தமிழில் கட்டபொம்மு ஆயிற்று என்பர். பாடம் இரண்டு: முகம் ஒத்திருப்பதால் மட்டும் இரண்டு சொற்கள் உறவாகிவிடா, வேரையும் விசாரிக்க வேண்டும்.

மூன்றாம் நாள்: வந்தனர், மறைத்தனர்

1801-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள். பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலேயின் வீட்டில் ஆங்கிலேய அதிகாரிகள் விருந்துண்டுகொண்டிருந்தனர். அதே மாலையில் ஊமைத்துரையின் ஆட்கள் மாறுவேடத்தில் வந்து காவலரை மடக்கிச் சிறையைத் திறந்தனர். விறகு விற்பவர்களைப்போல் வந்து, விறகுக்கட்டுகளுக்குள் ஆயுதங்களை மறைத்தனர் என்று தென்பாண்டி மக்கள் இன்றும் கதை சொல்வர். என் தாயார் தலையில் விறகுக்கட்டோடு இறங்கிவரும் காட்சி என் கண்முன் வந்தது. அந்தக் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்!

அன்றைக்கு உடைத்த சொற்கள் இரண்டு. முதற்சொல் வந்தனர்.

வந்தனர் = வா (வ) + த் (ந்) + த் + அன் + அர்
வா என்பது பகுதி. வ எனக் குறுகியது விகாரம்.
முதல் த் சந்தி. அது ந் ஆனது விகாரம்.
அடுத்த த் இறந்தகால இடைநிலை.
அன் என்பது சாரியை.
அர் என்பது படர்க்கைப் பலர்பால் வினைமுற்று விகுதி.

ஆறு உறுப்புகளும் இந்த ஒரே சொல்லில் இருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு நாளும் ஆயிரம் முறை காதில் விழும் சாதாரணச் சொல்தான்.

இரண்டாவது சொல் மறைத்தனர். மறை + த் + த் + அன் + அர். இதில் பகுதி சிதையவில்லை, சந்தியும் திரியவில்லை, ஆகவே விகாரம் இல்லை. வந்தனரையும் மறைத்தனரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விகாரம் என்றால் என்ன என்பது ஒரு நொடியில் விளங்கும்.

மறை என்ற பகுதி நம் பள்ளியில் எத்தனை இடங்களில் நடமாடுகிறது தெரியுமா? மறைக்கல்வி, மறைமாவட்டம், மறைசாட்சி, திருமறை. விறகுக்குள் வாளை ஒளிப்பதும் மறைத்தல்தான். ஆழ்ந்த பொருளை உள்ளே கொண்ட நூலும் மறைதான். வெள்ளிக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் அமர்ந்திருந்தபோது இதை எண்ணி நான் சிரித்துவிட்டேன்.

நான்காம் நாள்: கடுங்காவலும் கடுக்காயும்

இந்தப் பாடம் இரவில் நடக்கவில்லை. பகலில், வகுப்பில் நடந்தது. சிஸ்டர் கரும்பலகையில் 'கடுங்காவல்' என்று எழுதினார்கள். கடுமை + காவல் = கடுங்காவல். கடு என்று தொடங்கும் சொற்களைச் சொல்லுமாறு கேட்டார்கள். கடுமை, கடுகு, கடுஞ்சொல், கடுங்குளிர் என்று பலர் சொன்னார்கள். பிறகு வகுப்பு அமைதியாகிவிட்டது.

எனக்கு ஒரு சொல் தெரியும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் சிரிப்பார்களோ என்று பயம். சிஸ்டர் என்னைப் பார்க்கவே இல்லை. சாக்குக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் எழுந்து, "கடுக்காய்" என்றேன்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆனால் சிஸ்டர் அதைப் பலகையில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக எழுதினார்கள். "கடுக்காய் மரத்தைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்றார்கள். மலைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மட்டும் கை தூக்கினோம். "கடுக்காயைக் கடித்தால் நாக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார்கள். "இழுத்துப் பிடிக்கும், சிஸ்டர்" என்றேன். "அந்தக் கடுமைதான் கடு. ஒரே பகுதிதான், காவலோடு சேரும்போது கடுங்காவல் என்று மெல்லெழுத்து மிகுகிறது, காயோடு சேரும்போது கடுக்காய் என்று வல்லெழுத்து மிகுகிறது. இந்த இரண்டாவது சொல்லை இந்த வகுப்பில் ஒருத்திதான் கொடுத்தாள்" என்றார்கள்.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார்கள். எங்கள் மலைமக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள நாட்டவரோடு குழப்பிக்கொண்டு சிலர் கேலி செய்வதுண்டு. மலை + ஆளி = மலையாளி. நடுவில் வந்த 'ய்' உடம்படுமெய். ஆள் என்ற பகுதியிலிருந்து ஆளி, ஆட்சி, ஆளுநர் எல்லாம் பிறக்கும். "மலையை ஆள்பவர் என்பதுதான் உன் குலத்தின் பெயர்" என்று சிஸ்டர் சொன்னபோது என் கண்கள் கலங்கிவிட்டன.

ஐந்தாம் நாள்: ஊமையும் அம்மையும்

தப்பிய அந்த இரவில் ஊமைத்துரையும் அவர் கூட்டத்தாரும் ஏறக்குறைய 30 மைல் தொலைவிலுள்ள பாஞ்சாலங்குறிச்சியை நோக்கி விரைந்தனர். மெக்காலே படையோடு ஒரு வாரத்துக்குள் அங்கே போய்ப் பார்த்தபோது திகைத்து நின்றார். தரைமட்டமாகக் கிடந்த கோட்டை மீண்டும் எழுந்து நின்றது! மார்ச் 31-ஆம் நாள் நடந்த பெருந்தாக்குதலும் தோற்றது. மே 24-ஆம் நாள்தான், மேலும் படைகளும் பீரங்கிகளும் வந்த பிறகு, கோட்டை வீழ்ந்தது.

இந்தப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி. அவர் 1830-இல் லண்டனில் வெளியிட்ட தம் நினைவு நூலில், எதிரியான ஊமைத்துரையை வியந்து எழுதியிருக்கிறார். ஊமைத்துரை பேச இயலாதவர், சைகையால் பேசுவார். சில துரும்புகளை இடக்கையில் அடுக்குவாராம். அவைதாம் ஆங்கிலப் படை. மறுகையால் அவற்றைத் தள்ளி, வாயால் உஸ் என்று ஊதிவிடுவாராம். அதுதான் தாக்கச் சொல்லும் கட்டளை. மக்கள் அவரைத் தெய்வம்போல் மதித்து, அவர் சைகை காட்டியதும் உயிரைக் கொடுத்துப் போரிட்டனர்.

ஊமை + துரை = ஊமைத்துரை. இங்கே 'த்' மிகுந்தது. அந்தப் பெயரில் இகழ்ச்சி இல்லை. ஊமை என்ற சொல்லுக்குப் பின்னால் துரை என்று சேர்த்து, அதை மரியாதைப் பெயராக்கியது மக்களின் அன்பு. என் பட்டப்பெயரைப் பற்றி அன்றோடு நான் அழுவதை விட்டேன்.

தோழியரே, இன்று பாளையங்கோட்டை பள்ளிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். வாய் பேசாத, காது கேளாத பிள்ளைகளுக்கென்றே ஒரு பெரிய பள்ளி அங்கே நடக்கிறது. பேச இயலாத வீரரை அடைத்து வைத்த ஊரில், பேச இயலாத பிள்ளைகள் இன்று கல்வி கற்கிறார்கள்!

கோட்டை வீழ்ந்த அன்று ஊமைத்துரை படுகாயமடைந்து பிணங்களுக்கு நடுவே கிடந்தார். அருகிலுள்ள ஊர்ப் பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் தேடி வந்தனர். உயிர் ஊசலாடிய தன் மகனை ஒரு தாய் கண்டுபிடித்தாள். அவனோ, தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றுமாறு வேண்டிக்கொண்டானாம். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றனர். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, அவர்மேல் துணியைப் போர்த்து, அம்மை கண்டு இறந்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தனர். தேடி வந்தவர்கள் ஓட்டம்பிடித்தனர். இதையும் வெல்ஷ்தான் எழுதி வைத்திருக்கிறார்.

அம்மை என்ற சொல்லைப் பாருங்கள். அம்மை என்றால் கொடிய நோய். அம்மை என்றால் தாய். அந்த நோயை 1980-ஆம் ஆண்டில் உலகிலிருந்தே ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அன்று ஊமைத்துரையைக் காத்தது எந்த அம்மை? நோயின் பெயரா, தாயின் அன்பா? இரண்டும்தான் என்றேன். சிஸ்டர் என் குறிப்பேட்டில் 'மிக நன்று' என்று எழுதினார்கள்.

ஆறாம் நாள்: துணியும் துணிவும்

ஊமைத்துரை பிழைத்துச் சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அங்கும் போர் தோற்றது. 1801 அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். இது நம் மலையடிவாரத்துத் திருப்பத்தூர் அன்று. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். நவம்பர் 16-ஆம் நாள் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டனர்.

நான் அழுதுவிட்டேன். "இதற்காகவா தப்பினார்?" என்று கேட்டேன்.

சிஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. வேறொரு கதையைச் சுருக்கமாகச் சொன்னார்கள். 1942-ஆம் ஆண்டு நவம்பர் 9, தீபாவளி இரவு. ஹசாரிபாக் சிறையில் கைதிகள் தீபாவளி கொண்டாடிக்கொண்டிருந்தனர். காவலரின் கவனம் அங்கே இருந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயணும் வேறு ஐவரும் வேட்டிகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி மதிலைத் தாண்டிவிட்டனர். தாண்டியவர் வீட்டுக்குப் போய் ஒளிந்துகொள்ளவில்லை. தலைமறைவாக இருந்து விடுதலைப் போராட்டத்தைத் தொடர்ந்தார்.

துணி என்ற பகுதிக்கு வெட்டுதல், அறுபடுதல் என்று பொருள். வெட்டி எடுத்தது துணி. 'செய்வதா வேண்டாமா' என்ற தயக்கத்தை வெட்டி எறிவது துணிவு. மதிலில் தொங்கியதும் துணிதான். அவர்கள் நெஞ்சில் இருந்ததும் துணிதான்.

அடுத்து, தப்பு என்ற சொல்லை உடைக்கச் சொன்னார்கள். தப்பினார் = தப்பு + இன் + ஆர். தப்பு பகுதி, இன் இறந்தகால இடைநிலை, ஆர் பலர்பால் விகுதி, இங்கே மரியாதை குறித்து ஒருவருக்கு வந்தது. தப்புதல் என்றால் நழுவுதல், தவறுதல். பிடியிலிருந்து நழுவினால் தப்புதல். சரியான வழியிலிருந்து நழுவினால் அதுவும் தப்பு.

"இப்போது சொல், அம்மா. ஊமைத்துரை தப்பியது தப்பா?" என்றார்கள்.

"இல்லை."

"ஏன்?"

வெகுநேரம் யோசித்தேன். "அவர் எங்கே போகவேண்டும் என்று தெரிந்து போனார், சிஸ்டர். போய்க் கோட்டை கட்டினார்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வாயிற்கதவருகே நான் மூட்டையோடு நின்றது நினைவுக்கு வந்தது. போய் என்ன செய்வேன் என்று அன்று நான் யோசிக்கவே இல்லை.

ஏழாம் நாள்: விடு

கடைசிச் சொல் விடுதலை. விடு என்ற பகுதியை எடுத்துக்கொண்டு எத்தனை சொல் கட்ட முடியும் என்று பார்த்தோம்.

விடு + தல் = விடுதல்; அதுவே ஐகாரம் பெற்று விடுதலை ஆயிற்று.
விடு + முறை = விடுமுறை.
விடு + கதை = விடுகதை; முடிச்சை விடுவிக்கவேண்டிய கதை.
விடு + பு = விடுப்பு.
விடு + ஐ = விடை. வினாவின் முடிச்சை விடுவிப்பது விடை. பிரியும்போது பெறுவதும் விடைதான்.
விடு + தி = விடுதி. வழிப்போக்கர் சுமையை இறக்கிவிட்டுத் தங்கும் இடம்.

இந்த இடத்தில் நான் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன். விடுதியும் விடுதலையும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளா? நான் சிறை என்று நினைத்த இடத்தின் பெயருக்குள்ளேயே விடுதலையின் பகுதி இருந்ததா?

"இன்னும் ஒன்று பாக்கி. முதலெழுத்தை நீட்டிப் பார்" என்றார்கள் சிஸ்டர்.

நீட்டினேன். வீடு!

கெடு கேடு ஆகும்; பெறு பேறு ஆகும்; சுடு சூடு ஆகும்; படு பாடு ஆகும். அப்படியே விடு வீடு ஆகும். இதற்கு முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பெயர். அறம், பொருள், இன்பம், வீடு என்னும்போது அந்த வீடு பேரின்ப விடுதலையைக் குறிக்கிறது. நாம் குடியிருக்கும் இல்லமும் வீடுதான்.

"இப்போது உன் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்று சிஸ்டர் கேட்டார்கள். அந்த ஒரு கணத்தில் மனம் மாறிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வீட்டு நினைவு அப்போதும் இருந்தது. "தீபாவளி விடுமுறை வரைக்கும் இருக்கிறேன், சிஸ்டர்" என்றேன். தீபாவளி வந்தது, போனேன், திரும்பி வந்தேன். இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறேன்.

என் மாமன் மகள் தன் பெற்றோரோடு கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். பொங்கலுக்கு ஊர் வந்தவள் என் தமிழ்ப் புத்தகத்தை வாங்கி வெகுநேரம் புரட்டிப் பார்த்தாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. வாயிற்கதவருகே எனக்கு நேர்ந்தது அவளுக்கு நேரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அன்று இரவு அவளுக்கு விடு, விடுதி, வீடு மூன்றையும் சொல்லிக் கொடுத்தேன். "நான்காவதைக் கோடை விடுமுறைக்குச் சொல்" என்றாள்.

தங்கைகளுக்குச் சில யோசனைகள்

இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர், வயது வந்த பிறகு தமிழ் எழுத்தைக் கற்கத் தொடங்கினார். 1732-இல் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவாகச் சதுரகராதியைத் தொகுத்துக் கொடுத்தார். கடல் கடந்து வந்தவருக்கு முடிந்தது, தாய்ப்பாலோடு தமிழ் பருகிய நமக்கு முடியாதா? நான் கைக்கொள்ளும் முறை இதுதான்:

1. பட்டியலை உருப்போடாதீர்கள். ஒரு கதையை எடுத்து, அதில் உங்களைத் தடுத்து நிறுத்தும் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. முதலில் பகுதியைத் தேடுங்கள். அது பெரும்பாலும் கட்டளைச் சொல்லாக இருக்கும்: வா, விடு, மறை, தப்பு.
3. அந்தப் பகுதியிலிருந்து உங்களுக்குத் தெரிந்த சொற்கள் ஐந்தை எழுதுங்கள். வீட்டிலும் கொல்லையிலும் சந்தையிலும் வழங்கும் சொற்களையும் சேருங்கள். அவற்றைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.
4. அகராதியைத் திறந்து சரிபாருங்கள். ஒலி ஒத்திருப்பதை நம்பி ஏமாறாதீர்கள்.

பயிற்சிக்காக மூன்று கேள்விகள் தருகிறேன். 'நட' என்ற பகுதியிலிருந்து எத்தனை சொற்கள் பிறக்கும்? 'நின்றனர்' என்பதை ஆறு உறுப்புகளாகப் பிரிக்க முடியுமா? 'படி' என்ற சொல் பள்ளிக்கூடத்திலும் மாடியிலும் அரிசிக் கடையிலும் என்னென்ன பொருள் தரும்? விடை தெரிந்தவர்கள் இரவுப் படிப்பு முடிந்ததும் விடுதித் தாழ்வாரத்துக்கு வாருங்கள். இப்போதெல்லாம் அங்கே நான்தான் கதை சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்து, பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் தங்கைகளுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

பத்தாம் வகுப்பு மாணவி,
விடுதிப் பிரிவு